நாயுடு சார் கம்பெனியில் எனக்கு நடந்த கல்யாணம்

ஜனவரி 27, 1930

இன்று என்னைப் புளியமரத்தில் கட்டிப்போட்டார்கள். புலி வந்து என்னைப் பயமுறுத்த வேண்டும். புலியை சர்க்கஸ்காரர்கள் இன்னும் அனுப்பவில்லை. அது வரும்போது தனியாகப் படம் பிடித்து ஒட்டிக்கொள்வார்களாம். டைரக்டர் கோதண்டம் நாயுடு சார் ஒரு கையால் காமிராவின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு, மறு கையால் தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு, "பயப்படு! இன்னும் பயப்படு! இதோ பாயுது!" என்று கத்தினார். மரத்தில் கட்டெறும்பு இருந்தது. நான் அதற்குப் பயந்தேன். "அபாரம்!" என்றார்.

பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று ஒப்பிக்கச் சொன்னால் என் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். எட்டாவதில் ஒரு நாள் டீச்சர், "வேதவல்லி, உனக்கு வாய் இருக்கா, இல்லையா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து போகவில்லை. இங்கே யாரும் அப்படிக் கேட்பதில்லை. சினிமாவில் வாய் அசைந்தால் போதும். என்ன சொன்னேன் என்பதை நாயுடு சாரே அட்டையில் எழுதி நடுவில் காட்டிவிடுவார்.

அப்பா சௌகார்பேட்டைக் கொட்டகையில் திரைக்குக் கீழே உட்கார்ந்து படத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கிறார். அவருக்குச் சாப்பாடு எடுத்துப்போன இடத்தில்தான் நாயுடு சார் என்னைப் பார்த்தார். அம்மா தினமும் என்னோடு கீழ்ப்பாக்கம் தோட்டத்துக்கு வந்து, மாமரத்தடியில் உட்கார்ந்து ரவிக்கைகளுக்குக் காஜா எடுக்கிறாள்.

முகத்துப் பூச்சைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தேன். காதுக்குப் பின்னால் இன்னும் மஞ்சள் இருக்கிறது. நாளைக்கு இட்லிக்கு அரைக்க வேண்டும்.

ஜனவரி 30

தேசிங்கு என்னைச் சிரிக்கவைத்துவிட்டார். அவர்தான் இந்தப் படத்தில் ராஜகுமாரன். நான் விறகு வெட்டியின் மகள். அவர் ஆர்க்காட்டுக்காரர், குஸ்தி பழகியவர், ஓட்டுக் கூரையிலிருந்து குதிப்பார். இன்று காதல் கட்டம். "உருகு! உருகிப் பேசு!" என்றார் நாயுடு சார். தேசிங்கு நெஞ்சில் கை வைத்து, கண்ணில் நீர் தளும்ப, "எங்கம்மா காலையில நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வெச்சிச்சு. நாலு தோசை சாப்பிட்டேன். அஞ்சாவது கேட்டா அடிக்க வர்றாங்க" என்றார்.

எனக்கும் ஏதாவது சொல்ல வேண்டும். வீட்டுக்கு வாங்க வேண்டியதைச் சொன்னேன். "புளி, வெந்தயம், கடுகு."

"கடுகு நான் வாங்கியாறேன், கண்ணே" என்றார்.

காமிரா கடகடவென்று சத்தம் போடும். பக்கத்தில் இருப்பவர்களுக்குக்கூட ஒன்றும் கேட்காது.

சாயங்காலம் கல்யாணச் சேலை பற்றிப் பேச்சு. அம்மா அரக்குக் கூறைதான் என்றாள். "அரக்கு படத்துல கறுப்பா விழும்மா. சிவப்புன்னாலே கறுப்புதான். மணப்பொண்ணு கறுப்புச் சேலையிலயா நிப்பா?" என்றார் நாயுடு சார். இளநீலப் பட்டு எடுத்திருக்கிறார். சாம்பல் நிறமாக, அழகாக விழும் என்கிறார். அம்மாவுக்கு மனசே இல்லை.

பிப்ரவரி 4

நாளைக்குக் கல்யாணக் கட்டம். தலைக்குக் குளித்தேன். ராஜமாதாவாக நடிக்க வேண்டிய அம்மாளுக்கு அம்மை போட்டிருக்கிறதாம். அதனால் தேசிங்குவின் சொந்த அம்மா அலமேலம்மாளையே அழைத்துவரச் சொல்லியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 5

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

தோட்டத்தில் மூங்கில் நட்டு, சீலை மண்டபம் போட்டிருந்தார்கள். மேலே வெயிலுக்கு வெள்ளைத் துணி. ஈயக் காகிதம் ஒட்டிய பலகைகளை இரண்டு பக்கமும் பிடித்து, வெயிலை எங்கள் முகத்தில் திருப்பினார்கள். போன படத்தில் புரோகிதராக நடித்தவர் மூக்கை நோண்டியதைச் சனங்கள் பார்த்துச் சிரித்துவிட்டார்களாம். அதனால் இந்த முறை நாயுடு சார் நிஜமான சாஸ்திரிகளையே புரசைவாக்கத்திலிருந்து கூட்டி வந்தார்.

"நான் என்ன சொல்லணும்?" என்று சாஸ்திரிகள் கேட்டார்.

"எதை வேணா சொல்லுங்க சாமி. யார் காதுலயும் விழப் போறதில்லை."

"கல்யாணம்னா கல்யாண மந்திரம்தானே சொல்லுவேன். வேற என்ன சொல்றது?" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

காமிரா சுற்ற ஆரம்பித்தது. சாஸ்திரிகள் என் பக்கம் குனிந்து, பேர் என்ன, நட்சத்திரம் என்ன என்று கேட்டார். படத்தில் என் பெயர் சந்திரவதனா. அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பெரியவர் ஒருவர் முகத்துக்கு நேரே கேட்கும்போது எனக்கு யோசனை ஓடாது. "வேதவல்லி, அஸ்தம்" என்றேன். தேசிங்கு என்னைப் பார்த்துவிட்டு, அவரும் தன் சொந்தப் பெயரையே சொன்னார். விறகு வெட்டியாக நடிக்கும் சோடாக்கடைக்காரர் என்னைத் தாரை வார்த்துக் கொடுத்தார்.

தாலிக்குத் தங்கம் வேண்டாம், படத்தில் தெரியாது என்று மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டி வைத்திருந்தார்கள். தேசிங்கு கட்டினார். முடிச்சு இரண்டு முறை வழுக்கியது. கூரையிலிருந்து குதிக்கும்போது அவருக்கு எதுவும் வழுக்குவதில்லை. அம்மா ஹோமப் புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே அட்சதை போட்டாள். அலமேலம்மாள் போட்டாள். பலகை பிடித்தவர்கள்கூடப் பலகையைக் கீழே வைத்துவிட்டுப் போட்டார்கள். "பலகை! பலகை!" என்று நாயுடு சார் கத்தினார்.

பிலிம் தீர்ந்துபோய் காமிரா நின்றது. சாஸ்திரிகள் நிற்கவில்லை.

"போதும் சாமி, முடிஞ்சுது."

"நடுவிலே நிறுத்தப்படாது. ஏழு அடி நடக்கட்டும்."

நடந்தோம். எல்லோரும் சும்மா நின்று பார்த்தார்கள். காமிரா சத்தமும் இல்லை. அப்போதுதான் அம்மா முகம் மாறியது.

"அய்யய்யோ" என்றாள் அம்மா.

"நன்னா இருப்பேள்" என்றார் சாஸ்திரிகள்.

பிப்ரவரி 6

காலையில் அலமேலம்மாள் தாம்பாளத்தில் பூவும் பழமும் வெற்றிலையும் வைத்து எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"சம்பந்தி, பொண்ண என்னைக்கு அனுப்பறீங்க?"

"என்ன சம்பந்தி? அது சினிமாவுக்குப் பண்ணினது" என்றாள் அம்மா.

"நெருப்பு சினிமாவா? ஐயரு சினிமாவா? இவன் நாலு வருஷமா எந்தப் பொண்ணப் பாத்தாலும் வேணாம்னான். தெய்வமாப் பாத்து முடிச்சு வெச்சிருக்கு. நீங்க ஏன் நடுவுல?"

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அலமேலம்மாள் போனதும் கயிற்றைக் கழற்றப் போனேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். "கழட்டறதா? நெருப்பு முன்னாடி கட்டினதுடி." பிறகு அவளே அழுதாள். அப்பாவை எழுப்பிச் சொன்னோம். அவர் ராத்திரி ஆட்டம் முடித்து வந்து பகலில்தான் தூங்குவார். எழுந்து உட்கார்ந்து, "மாப்பிள்ளை யாரு?" என்று கேட்டார்.

பிப்ரவரி 8

படம் பிடிக்கும்போது கதையின் வரிசைப்படி பிடிப்பதில்லை. கல்யாணம் முடிந்துவிட்டது. கல்யாணத்துக்கு முந்தைய கட்டங்கள் நிறைய பாக்கி. காட்டில் விறகு பொறுக்கும் கன்னிப்பெண் கழுத்தில் தாலி இருக்கிறது. அம்மா கழற்ற விடமாட்டேன் என்கிறாள். நாயுடு சார் தலையில் அடித்துக்கொண்டார். பின்னலை முன்னால் போட்டுப் பார்த்தார்கள். ஓடும்போது அது நிற்கவில்லை. கடைசியில் கழுத்து மறையப் பூமாலை போட்டார்கள்.

"வெறகு பொறுக்கற பொண்ணுக்கு எதுக்குங்க இவ்ளோ மாலை? வெறகுக் கடைக்கும் பூக்கடைக்கும் ஒரே மொதலாளியா?" என்றார் தேசிங்கு. நாயுடு சார் அவரை முறைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவரைப் பார்க்காமல் சிரித்தேன்.

அவர் கடுகு வாங்கி வந்திருந்தார். ஒரு பொட்டலம்.

பிப்ரவரி 11

அம்மாவும் அலமேலம்மாளும் சாஸ்திரிகள் வீட்டுக்கே போய், அன்று சொன்னது நிஜமான கல்யாண மந்திரம்தானா என்று கேட்டார்கள். என்னையும் அழைத்துப்போனார்கள். "நான் சொன்ன மந்திரத்திலே ஒரு எழுத்து குறைஞ்சதுன்னு யாராவது சொல்லட்டும் பார்ப்போம்" என்றார் அவர். வீட்டுக்கு வந்து அம்மா ஒன்றும் சாப்பிடவில்லை.

அலமேலம்மாள் நல்லவள்தான். வழியில் எனக்குக் கனகாம்பரம் வாங்கித் தந்தாள். "இந்தப் படத்த முடிச்சிக் குடுத்துரு. பாதியில விட்டா பாவம், நாயுடு நட்டப்படுவாரு. அதோட சரி. என் மருமவ மூஞ்சில சுண்ணாம்பு அடிச்சிக்கிட்டு ஆட வேணாம். வீட்ல ராணி மாதிரி இரு" என்றாள்.

அடுத்த படத்தைக் குற்றாலத்தில் எடுக்கப் போவதாக நாயுடு சார் போன மாதமே சொல்லியிருந்தார். அருவியில் விழுகிற கதை. ஆனி மாதம் ரயிலில் போக வேண்டும். நான் ரயில் ஏறியதில்லை. "நீதாம்மா விழணும்" என்று என்னிடம்தான் சொன்னார்.

அப்பா ஆர்மோனியத்தின் துருத்தியில் ஓட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு, "உனக்கு என்னம்மா வேணும்? வாயத் தெறந்து சொல்லு" என்றார்.

குழம்பு தாளிக்கப் போய்விட்டேன்.

பிப்ரவரி 13

புலி வந்தது. தூங்கிவிட்டது.

பிப்ரவரி 16

இன்று இருட்டியதும் கம்பெனிக் கொட்டாயில் கல்யாணக் கட்டத்தைப் போட்டுக் காட்டினார்கள். அலமேலம்மாள் தன்னைத் திரையில் பார்க்க வேண்டும் என்று புதுப் புடவை கட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள்.

முதலில் மண்டபம் வந்தது. புகை வந்தது. அலமேலம்மாள் பெரிதாக வந்தாள். "அட, நானு!" என்று கை தட்டினாள். பிறகு நான் வந்தேன்.

இளநீலம் சாம்பலாக விழவில்லை. வெள்ளையாக விழுந்திருந்தது. கரைகூடத் தெரியவில்லை. தலை முதல் கால் வரை வெள்ளைச் சேலையில், குனிந்த தலையோடு நான் அக்கினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். வெயிலை முகத்தில் திருப்பியதில் நெற்றிப் பொட்டும் மங்கிப்போயிருந்தது. தேசிங்கு பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க! எம்புள்ள பக்கத்துல இப்படியா?" என்று அலமேலம்மாள் எழுந்து நின்றாள். அவள் நிழல் திரையில் விழுந்து என்னை மறைத்தது. "வெளக்கப் போடுங்கய்யா!"

"நீலம்மா அது! நீலம்!" என்று நாயுடு சார் சேலையைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினார். அவள் சேலையைப் பார்க்கவில்லை. மகன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

எதிர் வீட்டு ரமணி அக்கா புருஷன் போனதிலிருந்து வெள்ளைதான் கட்டுகிறாள். அவள் கட்டினால் எனக்கு அழகாகத்தான் தெரியும். திரையில் நானும் அழகாகத்தான் இருந்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 17

அலமேலம்மாள் விடிந்ததும் வந்தாள். தாம்பாளம் இல்லை. சாஸ்திரிகளைக் கூட்டி வந்திருந்தாள்.

"ஏம்மா, அது சினிமாதானே. நீங்களே சொன்னீங்க இல்ல?" என்றாள் அம்மாவிடம். இன்று சம்பந்தி என்று கூப்பிடவில்லை.

சாஸ்திரிகள் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் ராத்திரி முழுக்க யோசிச்சேன். மந்திரத்திலே குறை இல்லை. ஆனா தாரை வார்த்துக் கொடுத்தது யாரு? பொண்ணோட தோப்பனாரா? விறகு வெட்டி வேஷம் கட்டின சோடாக்கடைக்காரர். பெத்தவா இருக்கறச்சே இவளைக் கொடுக்க அவருக்கு ஏது அதிகாரம்? கொடுத்ததே செல்லாதுன்னா, வாங்கினது மட்டும் எப்படிச் செல்லும்?"

"இத அன்னைக்கே சொல்லக் கூடாதா சாமி?" என்றாள் அம்மா.

"அன்னிக்கு நீங்க மந்திரத்தைப் பத்தின்னா கேட்டேள்."

அம்மா என் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றிச் சாமி மாடத்தில் வைத்தாள். பிறகு நிறைய நெய் விட்டுப் பொங்கல் செய்தாள். நன்றாக இருந்தது. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 18

கழுத்தில் கயிறு பட்ட இடம் மஞ்சளாக இருக்கிறது. மாலை இல்லாமல் ஓடினேன். தேசிங்கு வேலைக்கு வரவில்லை. அவர் வராததால் ஒன்றுமில்லை. என் கட்டங்கள்தான் நிறைய பாக்கி.

பிப்ரவரி 19

இன்றும் வரவில்லை. வெந்தயம் தீர்ந்துவிட்டது.

பிப்ரவரி 21

வந்துவிட்டார். தாடையில் மழிக்காத முடி. என்னைப் பார்த்ததும் பலகைக்காரர்கள் பக்கம் போய் நின்றுகொண்டார்.

கல்யாணத்தை மறுபடி எடுத்தார்கள். பச்சைச் சேலை. அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டாள். கயிற்றை முன்பே முடிச்சுப் போட்டுத் தலைவழியாக மாட்டினார்கள். அலமேலம்மாள் வரமாட்டேன் என்றதால் ராஜமாதா இல்லை. கதையில் ராஜமாதா இறந்துவிட்டதாக ஓர் அட்டை எழுதிவிட்டார் நாயுடு சார். கல்யாண மந்திரம் சொல்லவே கூடாது என்று சாஸ்திரிகளிடம் கண்டிப்பாகச் சொன்னதால் அவர் கிரகப்பிரவேச மந்திரம் சொன்னார். மூங்கில் மண்டபத்துக்கு நல்ல காலம்.

பிப்ரவரி 26

இன்றோடு என் வேலை முடிந்தது. கடைசிக் கட்டம் கிணற்றடியில். ராஜகுமாரன் முதன்முதலாகத் தன் ஆசையைச் சொல்கிறான். கதையில் ஆரம்பத்தில் வருவது.

வெயில் நன்றாக இருந்தது. அம்மா மாமரத்தடியில் இருந்தாள். காமிரா கடகடவென்று ஓடியது. தேசிங்கு என் கையைப் பிடித்தார். தோசைக் கணக்கு வரும் என்று நினைத்து, சிரிக்காமல் இருக்கக் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டேன்.

"கேளுடா! உசிரையே தர்றேன்னு கேளு!" என்று தகரக் குழாய் கத்தியது.

"எங்கம்மா உன்ன வேணும்னுச்சு. அப்புறம் வேணாம்னுச்சு" என்றார் தேசிங்கு. "என்ன யாரும் கேக்கல. உன்னையும் யாரும் கேக்கல. நான் கேக்கறேன். என்னக் கட்டிக்கிறியா? நெசமாத்தான் கேக்கறேன், வேதவல்லி."

"வெட்கப்படு! திரும்பு! இப்ப பதில் சொல்லு! உருகிச் சொல்லு!"

வெட்கப்பட்டேன். திரும்பினேன். யாருக்கும் கேட்காது என்பது தெரிந்ததால் இருக்க வேண்டும், நாக்கு ஒட்டிக்கொள்ளவே இல்லை.

"நான் குற்றாலத்துக்குப் போவேன். அதுக்கப்புறம் வேற படம் வந்தா அதுக்கும் போவேன். சுண்ணாம்பு அடிச்சுக்காதே, வீட்ல ராணி மாதிரி இருன்னு உங்க வீட்ல யாரும் சொல்லக் கூடாது. வெள்ளையா விழுந்தா விழட்டும். அதுக்கெல்லாம் பயப்படறவங்க வீட்டுக்கு நான் வர மாட்டேன். மொதல்ல உங்கம்மாகிட்ட இதைச் சொல்லுங்க. அவங்க சரின்னதுக்கப்புறம் வந்து கேளுங்க. அப்ப யோசிச்சுச் சொல்றேன்."

என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. தேசிங்குவின் கையை நான் இறுக்கிப் பிடித்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

"அபாரம்! அபாரம்!" நாயுடு சார் ஓடி வந்தார். "என்னம்மா சொன்னே? இவ்ளோ நேரம் வாய் அசையுதே!"

ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

"அதானே. நீ என்ன சொல்லியிருக்கப் போறே. நான் எழுதிக்கிறேன்" என்றார்.

பூச்சைத் துடைத்துவிட்டு வரும்போது தேசிங்கு கேட்டார், "குற்றாலத்துக்கு எப்போ?"

"ஆனியில" என்றேன். இது காமிரா இல்லாமல் சொன்னது.

ஏப்ரல் 12

அப்பா வாசிக்கும் கொட்டகையிலேயே படம் வந்தது. முதல் ஆட்டத்துக்குப் போனோம். அம்மாவும் நானும் பெண்கள் பக்கம். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். திரைக்குக் கீழே அப்பாவின் வழுக்கைத் தலை தெரிந்தது. நான் வரும்போதெல்லாம் கொஞ்சம் வேகமாக வாசித்தார்.

அலமேலம்மாள் வந்திருந்தாள். அம்மாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். அம்மா அவளைப் பார்க்காமலே வெற்றிலைப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

புலி கொட்டாவி விட்டது. நான் எறும்புக்குப் பயந்தேன். இரண்டு பெண்கள் அலறினார்கள்.

பிறகு கிணற்றடி வந்தது. தேசிங்கு கையைப் பிடித்தார். நான் வெட்கப்பட்டேன், திரும்பினேன், வாயைத் திறந்தேன். உடனே அட்டை வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக அட்டைகளைப் படித்துச் சொல்கிறவர் திரைக்குப் பக்கத்தில் நின்று கணீரென்று படித்தார்:

"நாதா! தங்கள் சித்தமே என் பாக்கியம்! அடியாளுக்கென்று தனியே ஓர் ஆசையும் உண்டோ?"

"எவ்ளோ அடக்கமாச் சொல்றே பாரு" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அட்டை போன பிறகும் நான் திரையில் பேசிக்கொண்டே இருந்தேன். பேசினேன், பேசினேன், விரலை நீட்டிப் பேசினேன். தரை டிக்கெட்டிலிருந்து ஒருவன், "அதான் சொல்லிட்டியே தாயி, இன்னும் என்ன?" என்று கத்தினான். கொட்டகையே சிரித்தது. ஆண்கள் பக்கத்தில் ஒருவர் மட்டும் மற்றவர்கள் நிறுத்திய பிறகும் சிரித்துக்கொண்டே இருந்தார். யாரென்று எனக்குத் தெரியும். "உக்காருய்யா!" என்று யாரோ அவரை அதட்டினார்கள்.

ஆட்டம் விட்டு வெளியே வரும்போது கூட்டத்தில் அலமேலம்மாள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"ஏண்டி, குத்தாலத்துல சாரல் அடிச்சிக்கினே இருக்குமாமே. மூஞ்சில பூசறது கரைஞ்சி ஓடிடாது?"

"எண்ணெய் கலந்து பூசுவாங்க. கரையாது" என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். முன்னால் போய்க்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தாள்.